வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் தேடுதல்: அந்த இரவுக்கு அப்புறம் என்ன செய்வது?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் வசிக்கிறேன். கணவர் இல்லை. படிப்பை முடித்த இளைய மகனும் நானும்தான் வீட்டில். போன வாரம் இரவு ஒன்பதரை மணிக்கு நான்கு பேர் வந்தார்கள். இரண்டு பேர் காக்கி உடை, இரண்டு பேர் மஃப்டி. மகனின் நண்பன் ஒருவன் ஆன்லைன் மோசடி வழக்கில் சிக்கியிருக்கிறான், உங்கள் மகன் கணக்குக்கும் பணம் வந்திருக்கிறது என்றார்கள். மகன் அன்று கோவையில் அண்ணன் வீட்டில் இருந்தான். வாரண்ட் இருக்கிறதா என்று கேட்டேன், "அதெல்லாம் தேவையில்லை" என்று உள்ளே வந்துவிட்டார்கள். என்னைச் சமையலறையில் நிற்கச் சொல்லிவிட்டு மற்ற அறைகளைத் தேடினார்கள். மகனின் லேப்டாப், இரண்டாவது போன், பாஸ்புக் மூன்றையும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களோடு காரில் வந்த இரண்டு பேரைக் காட்டி, "இவங்கதான் சாட்சி" என்றார்கள். என்னிடம் ஒன்றும் எழுதாத வெள்ளைத்தாளில் இரண்டு கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு ஒரு காகிதமும் தரவில்லை. அவர்கள் பக்கத்து மாவட்ட ஸ்டேஷன்காரர்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. இப்போது, "பையனைக் கூட்டிக்கொண்டு நீங்களும் வாங்க" என்று போன் வருகிறது. வாரண்ட் இல்லாமல் வரலாமா? நான் கதவைத் திறந்திருக்கக் கூடாதா? அந்தக் கையெழுத்தை என்ன செய்வது? பொருள்கள் திரும்பக் கிடைக்குமா? (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கேள்விகளுக்குப் போகும் முன் ஒரு வேலை சொல்கிறேன். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு தாளை எடுத்து, அன்று இரவு நடந்ததை எழுதுங்கள். தேதி, நேரம், எத்தனை பேர், வண்டி எண் தெரிந்தால் அது, யார் எந்த அறைக்குள் போனார்கள், நீங்கள் எங்கே நின்றீர்கள், அங்கிருந்து என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை, எந்தப் பொருளை எங்கிருந்து எடுத்தார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், தெருவில் யார் யார் பார்த்தார்கள். கோபத்தையும் வருத்தத்தையும் அதில் கலக்க வேண்டாம், நடந்தது மட்டும் போதும். கீழே தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். எதிர் வீட்டிலோ தெருமுனைக் கடையிலோ சிசிடிவி இருந்தால், அந்த இரவின் பதிவை இன்றைக்கே ஒரு பென் டிரைவில் வாங்கி வையுங்கள். பல கேமராக்களில் சில நாளிலேயே பழைய பதிவு அழிந்துவிடும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டைத் தேட வரும் போலீசை வாசலில் தடுக்கும் உரிமையைச் சட்டம் உங்களுக்கு அதிகம் கொடுக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்யும் ஒவ்வொன்றுக்கும் எழுத்து இருக்க வேண்டும், அந்த எழுத்து உங்கள் கைக்கும் நீதிமன்றத்தின் கைக்கும் வர வேண்டும் என்று பல இடங்களில் கட்டளையிட்டிருக்கிறது. உங்களுக்கான பாதுகாப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

வாரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் சொன்னது பாதி சரி. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். என்பார்கள். அதில் பிரிவு 96 நீதிமன்றம் தரும் சோதனை வாரண்டைப் பற்றியது. பிரிவு 185 வாரண்ட் இல்லாமல் போலீசே தேடுவதைப் பற்றியது. பழைய சட்டத்தில் இது 165. இந்த நாட்டில் போலீஸ் நடத்தும் வீட்டுச் சோதனைகளில் மிகப் பெரும்பாலானவை இந்தப் பிரிவின் பெயரில்தான் நடக்கின்றன. அதனால் "வாரண்ட் இல்லை, ஆகவே எல்லாமே சட்டவிரோதம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் 185 திறந்த வாசல் இல்லை. நிலையப் பொறுப்பு அதிகாரியோ வழக்கைப் புலனாய்வு செய்யும் அதிகாரியோதான் அதைப் பயன்படுத்த முடியும். முதலில் விசாரணையில் ஒரு வழக்கு இருக்க வேண்டும். அந்த வழக்குக்குத் தேவையான ஒரு பொருள் இந்த வீட்டில் இருக்கும் என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும். வேறு வழியில் போனால் தேவையற்ற தாமதம் ஆகும் என்ற நிலை வேண்டும். இவை எல்லாம் மனதில் இருந்தால் போதாது. என்ன காரணத்தால் நம்புகிறேன், கூடுமானவரை எந்தப் பொருளைத் தேடப் போகிறேன் என்று தேடுவதற்கு முன்பே வழக்கு நாட்குறிப்பில், போலீஸ்காரர்கள் சி.டி. ஃபைல் என்பார்களே, அதில் எழுத வேண்டும். அந்த அதிகாரி முடிந்தவரை நேரில் வர வேண்டும். வர முடியாவிட்டால், அதற்கான காரணத்தை எழுதி, தனக்குக் கீழுள்ளவருக்கு எழுத்திலேயே உத்தரவு கொடுத்து அனுப்ப வேண்டும். வந்த நால்வரில் புலனாய்வு அதிகாரி இருந்தாரா என்பது தெரியாவிட்டால், அதையும் உங்கள் தாளில் ஒரு வரியாக எழுதுங்கள்.

அவர்கள் பக்கத்து மாவட்டத்தவர்கள் என்பதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. 185 அந்த நிலையத்தின் எல்லைக்குள் மட்டும்தான். எல்லை தாண்டினால் பிரிவு 186 வரும். அதன்படி உங்கள் ஊர் நிலையத்தைக் கேட்டுத் தேடச் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் பொருளை மறைத்துவிடுவார்கள், அழித்துவிடுவார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும் தாங்களே நேராக வரலாம். வந்தால் உடனே உங்கள் ஊர் நிலையத்துக்கு அறிவிப்பும், எடுத்த பொருள்களின் பட்டியல் நகலும் அனுப்ப வேண்டும். உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு நீங்களோ உறவினர் ஒருவரோ போய், "இப்படி ஒரு தகவல் உங்களுக்கு வந்ததா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். வாய்ப் பதிலோடு நிறுத்தாமல், பிறகு தகவல் உரிமைச் சட்டத்திலும் ஒரு மனு போடலாம்.

கதவைத் திறந்ததில் தப்பே இல்லை. சட்டப்படி தேட வருபவர்களை உள்ளே விட்டு, தேடுவதற்கு நியாயமான வசதி செய்து தர வேண்டிய கடமை வீட்டில் இருப்பவருக்கு உண்டு. மறுத்தால் கதவை உடைத்து நுழையவும் வழி இருக்கிறது. அப்புறம் அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்ததாக உங்கள் மேலேயே ஒரு வழக்கு வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 221 அதுதான். கை பட்டுவிட்டது, தள்ளிவிட்டார் என்று எழுதினால் பிரிவு 132, அதற்கு இரண்டு ஆண்டு வரை தண்டனை. தேடுதலில் ஒன்றும் கிடைக்காத வீடுகளில்கூட வாசலில் நடந்த தள்ளுமுள்ளுக்காக வழக்கு நடக்கிறது. வாசலில் வாக்குவாதம் வேண்டாம், கேள்விகள் போதும்: எந்த ஸ்டேஷன், குற்ற எண் என்ன, புலனாய்வு அதிகாரி யார், எதைத் தேடுகிறீர்கள். பதில் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் "கேட்டேன், சொல்லவில்லை" என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரவில் வரலாமா என்ற கேள்வி உங்கள் கடிதத்தின் ஊடாகத் தெரிகிறது. நேராகச் சொல்கிறேன்: விசாரணையில் உள்ள வழக்குக்காக இரவில் வீட்டைத் தேடக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். சொல்லவில்லை. போதைப்பொருள் சட்டத்தில் இதற்குத் தனி ஏற்பாடு உண்டு. பொழுது சாய்ந்த பின் வாரண்ட் இல்லாமல் நுழைந்தால் ஏன் வாரண்ட் வாங்க நேரமில்லை என்று எழுத வேண்டும். ஆனால் வழக்கு எதுவும் இல்லாமல், கண்காணிப்பு என்ற பெயரில் ராத்திரியில் வந்து கதவைத் தட்டுவது வேறு விஷயம். 1962-லேயே கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்படி இரவில் வீடு தேடி வர அனுமதித்த உத்தரப் பிரதேச போலீஸ் விதியைச் செல்லாது என்று அடித்துவிட்டது. உங்கள் வீட்டுக்கு வந்தது அந்த வகையில் சேராது. எஃப்.ஐ.ஆர். இருக்கிறது என்றுதான் தெரிகிறது. எண் தெரிந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நகலைத் தேடிப் பாருங்கள். பாலியல் குற்றம் போன்ற நுணுக்கமான வழக்குகள் தவிர மற்றவற்றின் எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

தனியாக ஒரு பெண் இருக்கும் வீட்டில் பெண் போலீஸ் இல்லாமல் தேடலாமா? உங்கள் உடலைச் சோதிப்பதென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும், கண்ணியமாகச் சோதிக்க வேண்டும். அதில் விலக்கே இல்லை. வீட்டைத் தேடுவதற்குப் பெண் காவலர் கட்டாயம் என்று, தேடும் முறையைச் சொல்லும் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 103-ல் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இரவு ஒன்பதரைக்கு நான்கு ஆண்கள் ஒரு விதவைத் தாயின் வீட்டுக்குள் நுழையும்போது ஒரு பெண் காவலரை உடன் அழைத்து வர எந்த ஸ்டேஷனுக்கும் முடியாமல் போகாது. இதைப் புகாரில் எழுதலாம். ஆனால் சட்டமீறல் என்ற தலைப்பில் எழுதாதீர்கள். பலமில்லாத ஒரு குற்றச்சாட்டு மற்ற நல்ல குற்றச்சாட்டுகளையும் வலுவிழக்கச் செய்யும்.

இனி உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த இடம்: உங்களைச் சமையலறையில் நிற்க வைத்தது. பிரிவு 103(6) சொல்கிறது: வீட்டில் குடியிருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ தேடுதல் நடக்கும்போது உடனிருக்க எல்லாச் சந்தர்ப்பங்களிலும் அனுமதிக்கப்பட வேண்டும். அதிகாரியின் இஷ்டத்துக்கு விட்ட விஷயம் இல்லை இது. எதற்காக இந்த விதி என்றால், எடுக்கும்போது மட்டுமல்ல, வைக்கும்போதும் பார்க்க ஒரு கண் வேண்டும். வீட்டுக்காரர் பார்க்காத அறையில் "கிடைத்தது" என்று சொல்லப்படும் பொருளுக்கு நீதிமன்றத்தில் எப்போதும் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் உங்கள் தாளில் இதை விவரமாக எழுதுங்கள். சமையலறையில் நின்றால் உள்ளறைக் கதவு தெரியுமா, பீரோ தெரியுமா, உங்களை நிற்கச் சொன்னவர் எப்படி இருந்தார், நீங்கள் உள்ளே வரட்டுமா என்று கேட்டீர்களா, என்ன பதில் வந்தது.

சாட்சிகள் விஷயமும் அப்படித்தான். தேடுதலைத் தொடங்கும் முன்பே, அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, இந்த வழக்கில் சம்பந்தப்படாத, மதிக்கத்தக்க இருவரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ அழைத்து, அவர்கள் கண்ணெதிரே தேட வேண்டும். உங்கள் தெருவில் கிடைக்காவிட்டாலோ வர மறுத்தாலோ வேறு பகுதியிலிருந்து அழைக்கலாம். நம் பக்கத்தில் வி.ஏ.ஓ.வையும் தலையாரியையும் கூப்பிடுவது வழக்கம். போலீஸ் காரிலேயே பக்கத்து மாவட்டத்திலிருந்து ஏறி வந்த இருவரை உங்கள் தெருவின் சாட்சி என்று சொல்வது கடினம். அதற்காகத் தேடுதல் தானாக ரத்தாகிவிடாது. ஆனால் அவர்கள் பெயரும் ஊரும் தெரிந்தால், பிற்பாடு குறுக்கு விசாரணையில் உங்கள் வழக்கறிஞருக்கு அது பெரிய பிடிமானம்.

தேடி முடித்ததும் அந்த இடத்திலேயே ஒரு பட்டியல் தயாராக வேண்டும். நம் ஊர் வழக்கில் மகஜர். எந்தப் பொருள், எந்த இடத்திலிருந்து என்று இரண்டும் அதில் இருக்க வேண்டும். "லேப்டாப் ஒன்று" என்றால் போதாது. என்ன கம்பெனி, என்ன மாடல், வரிசை எண் என்ன, உள்ளறை மேஜை மேலிருந்தா, பீரோவின் கீழ்த்தட்டிலிருந்தா. போன் என்றால் ஐஎம்இஐ எண், சிம் இருந்ததா, ஆன் ஆகி இருந்ததா, அணைத்து எடுத்தார்களா. பாஸ்புக் என்றால் வங்கி, கிளை, கணக்கு எண், கடைசியாக எந்தத் தேதி வரை பதிவு இருக்கிறது. சாட்சிகள் அதில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தான நகல் ஒன்றை உங்கள் கையில் கொடுக்க வேண்டும். ஆரம்பித்த நேரமும் முடித்த நேரமும் மகஜரில் இருக்கும், பாருங்கள். அந்த நேரத்தில் எழுத முடியாத அளவு நீளமான மகஜராக இருந்தால், எழுதிய இடம் உங்கள் வீடா, ஸ்டேஷனா என்ற கேள்வி வரும். "மின்விளக்கு வெளிச்சத்தில்" என்ற வரி இருக்கிறதா, உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா, "வீட்டிலிருந்த இன்னாரின் முன்னிலையில்" என்று எழுதி நீங்கள் உடனிருந்ததாகக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். சமையலறையில் நின்றவரை முன்னிலையில் இருந்ததாக எழுதியிருந்தால், உங்கள் தாளும் சிசிடிவியும் அங்கே பேசும்.

புதிய சட்டத்தில் உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது பிரிவு 105. தேடுதல், பொருளைக் கைப்பற்றுதல், பட்டியல் எழுதுதல், சாட்சிகள் கையெழுத்திடுதல், எல்லாமே ஒலி-ஒளிப் பதிவாக வேண்டும், செல்போனில் எடுத்தாலும் போதும். அதைத் தாமதமில்லாமல் நடுவருக்கு, அதாவது மாஜிஸ்திரேட்டுக்கு, அனுப்ப வேண்டும். இதற்கென்றே இ-சாக்ஷ்யா என்ற செயலியை மத்திய அரசு போலீசுக்குக் கொடுத்திருக்கிறது. பழைய சட்டத்தில் இப்படி ஒரு கட்டாயம் கிடையாது. யாரும் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்தால், நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதை அந்தப் படமே காட்டும். எடுக்கவில்லை என்றால், ஏன் எடுக்கவில்லை என்று அவர்கள்தான் நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். இரண்டில் எதுவானாலும் கேட்டு வைப்பது உங்களுக்கு நல்லது. நீங்களே படமெடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சட்டத்தில் தடை ஏதும் இல்லை. ஆனால் "போனை வை" என்று அதட்டினால் அதற்காக மல்லுக்கு நிற்க வேண்டாம்.

எப்படிக் கேட்பது? வழக்கறிஞர்களிலேயே பலர் பயன்படுத்தாத ஒரு வழி 185(5)-ல் இருக்கிறது. தேடுதலுக்கு முன் எழுதிய காரணங்களின் நகலை உடனே, எப்படியும் 48 மணி நேரத்துக்குள், போலீஸ் நடுவருக்கு அனுப்பியாக வேண்டும். தேடப்பட்ட வீட்டில் குடியிருப்பவர் மனு கொடுத்தால், நடுவர் அந்த நகலை இலவசமாகத் தர வேண்டும். எல்லை தாண்டி வந்த தேடுதலுக்கும் 186(5) இதே உரிமையைத் தருகிறது. நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்பதே போதும். எஃப்.ஐ.ஆரில் எந்த நீதிமன்றம் என்று இருக்கும். அந்த நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் இப்படி ஒரு மனு கொடுங்கள்:

"மேற்படி குற்ற எண் வழக்கில், இன்ன தேதி இரவு சுமார் 9.30 மணிக்கு, இன்ன காவல் நிலையத்தைச் சேர்ந்தவர்கள் நான் குடியிருக்கும் மேற்கண்ட முகவரியில் தேடுதல் நடத்தி, என் மகனுக்குச் சொந்தமான லேப்டாப், செல்போன், வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றை எடுத்துச் சென்றனர். கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் நகல் எனக்கு வழங்கப்படவில்லை. ஆகவே பி.என்.எஸ்.எஸ். பிரிவுகள் 185(5), 186(5) ஆகியவற்றின்படி நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட தேடுதல் பதிவுகளின் நகலையும், பிரிவு 103-ன்படியான பட்டியலின் நகலையும் இலவசமாக வழங்கவும், பிரிவு 105-ன்படியான ஒலி-ஒளிப் பதிவு நீதிமன்றத்துக்கு வந்துள்ளதா என்று தெரிவிக்கவும், வந்திருந்தால் அதைப் பாதுகாக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன்."

இவ்வளவுதான். இதோடு ஆதார் அல்லது ரேஷன் கார்டு நகலை இணைத்தால் முகவரிக்கு ஆதாரம். "அப்படி எதுவும் வரவில்லை" என்று நீதிமன்ற அலுவலகம் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். அதையே மனுவில் குறிப்பாக எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது மனு மீது நடுவரின் உத்தரவாக வாங்குங்கள். 48 மணி நேரம் கடந்தும் வரவில்லை என்று நீதிமன்றமே எழுதிக் கொடுக்கும் ஒரு வரி, உங்கள் கையில் இருக்கும் காகிதங்களிலேயே பலமானதாக இருக்கும்.

வெள்ளைத்தாள் கையெழுத்து. இதில் நாளைக் கடத்தாதீர்கள். இன்றே உங்கள் மாவட்ட எஸ்.பி.க்கும் பக்கத்து மாவட்ட எஸ்.பி.க்கும் ஒரு கடிதம், நகல் நடுவருக்கு. இன்ன தேதி, இன்ன நேரத்தில், எதுவும் எழுதப்படாத வெள்ளைத்தாளில் என்னிடம் இரண்டு கையெழுத்து பெறப்பட்டது, அதில் பிற்பாடு என்ன எழுதப்பட்டாலும் அது என் வாக்குமூலமோ சம்மதமோ அல்ல என்று தெளிவாக எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் அனுப்பிய தேதிதான் இங்கே உயிர்நாடி. குற்றப்பத்திரிகை வந்த பிறகு சொன்னால் யோசித்துச் சொன்னதாக ஆகிவிடும். ஒன்று தெரிந்துகொண்டால் உங்கள் பயம் கொஞ்சம் குறையும்: விசாரணையின்போது போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தே வாங்கக் கூடாது என்கிறது பிரிவு 181. போலீசிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலமும் குற்றத்தை நிரூபிக்கச் செல்லாது. அதில் சொன்ன தகவலின் பேரில் ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்குக்குத்தான் வெற்றுக் கையெழுத்துகள் பயன்படுகின்றன என்பது என் அனுபவம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

இப்போது பலர் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்ல வேண்டும். தேடுதலில் இத்தனை விதிமீறல் இருக்கிறதே, எடுத்த பொருள்கள் வழக்கில் செல்லாது என்று ஆகிவிடுமா? ஆகாது. 1973-ல் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேடுதல் முறைகேடாக நடந்தது என்பதற்காகவே கிடைத்த ஆதாரத்தைத் தள்ளிவிட முடியாது என்று சொன்னது. இன்றும் அடிப்படை அதுதான். முறைகேடு இருந்தால் அந்த ஆதாரத்தை நீதிமன்றம் கூடுதல் கவனத்தோடு எடைபோடும், நம்பாமலும் போகலாம். அவ்வளவுதான். "தேடுதலே தப்பு, கேஸ் நிக்காது" என்று யாராவது உறுதி கொடுத்துப் பணம் கேட்டால், வேறு வழக்கறிஞரைப் பாருங்கள். எனக்கு இந்தச் சட்ட நிலையில் உடன்பாடு இல்லை. விதியை மீறினாலும் விளைவு இல்லை என்றால் விதியை எதற்காக மதிப்பார்கள்? 2017-ல் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்த பிறகாவது இதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் உங்கள் மகனின் வழக்கை என் விருப்பத்தை நம்பி நடத்த முடியாது.

பொருள்கள் திரும்பக் கிடைக்கும். கைப்பற்றியதை உடனே நடுவருக்குத் தெரிவிக்க வேண்டியது போலீசின் கடமை. பொருளைத் திரும்பக் கேட்டு உங்கள் மகன் அதே நீதிமன்றத்தில் பிரிவு 503-ன்கீழ் மனு போடலாம். வழக்குப் பொருள்களைத் தேவைக்கு மேல் ஸ்டேஷனில் போட்டு வைக்கக் கூடாது என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லா மனுவிலும் காட்டுவோம். லேப்டாப், போன் வாங்கிய பில், பெட்டியில் ஒட்டியிருக்கும் எண் இவற்றைத் தேடி எடுங்கள். மோசடிக்கு அந்தக் கருவியே பயன்பட்டது என்பது வழக்கானால் தடய அறிவியல் ஆய்வு முடியும் வரை தர மாட்டார்கள், மாதக்கணக்கில் ஆகும். அப்போது, தரவுகளை நகலெடுத்துக்கொண்டு கருவியைத் தாருங்கள் என்று கேட்கலாம். பாஸ்புக்குக்காக அலைய வேண்டாம், வங்கிக்கே போய்க் கணக்கு விவரம் வாங்கிவிடுங்கள். கணக்கு முடக்கப்பட்டிருக்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

கருவியில் உள்ள தரவை யாரும் மாற்றவில்லை என்று காட்ட ஹேஷ் மதிப்பு என்று ஒன்று உண்டு. நீளமான ஓர் எண்-எழுத்துத் தொடர், உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். புதிய சாட்சியச் சட்டத்தில் மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ்ப் படிவத்திலேயே இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லி, போனும் லேப்டாப்பும் எப்போது சீல் வைக்கப்பட்டன, எப்போது ஆய்வகத்துக்குப் போயின, ஹேஷ் எடுத்தார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். மகனிடம் பாஸ்வேர்டு கேட்டால், வழக்கறிஞரைக் கலந்துகொண்டு சொல்கிறேன் என்பதே சரியான பதில். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பு உரிமை பாஸ்வேர்டுக்கும் பொருந்துமா என்பதில் நீதிமன்றங்கள் வேறுவேறாகத்தான் தீர்ப்பு சொல்லியிருக்கின்றன.

ஸ்டேஷனுக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் எழுத்தில் அழைப்பு வர வேண்டும். அப்படி வந்தாலும், பெண்ணை அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது பிரிவு 179. அடுத்த முறை போன் வந்தால், "ஐயா, எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்க, நான் வீட்டிலேயே பதில் சொல்கிறேன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். வந்த அழைப்புகளின் எண், நேரம் எல்லாம் போனில் இருக்கட்டும், அழிக்காதீர்கள்.

மகன் விஷயம் அப்படி இல்லை. அவன் ஒளிந்திருக்கிறான் என்று எழுத வாய்ப்பே கொடுக்கக் கூடாது. கோவையில் எங்கே இருக்கிறான் என்பதை வழக்கறிஞர் மூலம் எழுத்தில் தெரிவித்துவிடலாம். ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றம் என்றால், கைது அவசியமில்லாதபோது பிரிவு 35(3)-ன்கீழ் நோட்டீஸ் கொடுத்துத்தான் விசாரிக்க வேண்டும். ஏமாற்றுதல் குற்றம் பொதுவாக அந்த வரம்புக்குள் வரும். ஆனால் வேறு பிரிவுகளும் சேர்த்திருக்கிறார்களா என்று எஃப்.ஐ.ஆரைப் பார்த்தால்தான் தெரியும். கைது பயம் இருந்தால் முன்ஜாமீன் மனு. அவனிடம் நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள். இப்போது நடக்கும் மோசடிகளில், "உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று சொல்லிப் படித்த பிள்ளைகளின் கணக்குகளை வாங்கிப் பயன்படுத்துவது சர்வசாதாரணமாகிவிட்டது. அப்படி ஏதாவது நடந்திருந்தால் அவன் வழக்கறிஞரிடம் முழுதாகச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படும் என்று மறைத்தால் அவனுக்குத்தான் நஷ்டம்.

வந்தவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியுமா? புலனாய்வு நடத்தும் முறை பற்றிய சட்டக் கட்டளையை, ஒருவருக்குப் பாதகம் வரும்படி தெரிந்தே மீறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் என்று பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 199 சொல்கிறது. மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம், ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இவை எல்லாம் இருக்கின்றன. ஆனால் முதலில் நகல் மனு, கையெழுத்துக் கடிதம், மகனின் பாதுகாப்பு இந்த மூன்றும் முடியட்டும். நகல்கள் கைக்கு வந்த பிறகு எழுதும் புகாருக்கும் இன்று கோபத்தில் எழுதும் புகாருக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்ற கணக்கில்லாமல், உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது நீங்கள் எழுதிய தாள், சிசிடிவி பதிவு, எஃப்.ஐ.ஆர். நகல், அடையாள அட்டை, லேப்டாப் பில் இவற்றை எடுத்துச் செல்லுங்கள். மனுவின் வாசகத்தை மேலே கொடுத்திருக்கிறேன், அப்படியே எழுதிக்கொண்டு போனால் முதல் நாளிலேயே தாக்கல் செய்துவிடலாம். உங்கள் பிரதியில் நீதிமன்ற முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.